செவ்வாய்க்கிழமை அச்சிடாத கணினி

2008, 2009 ஆண்டுகளில் உபுண்டு லினக்ஸின் வழுப் பதிவேட்டில் ஒரு புகார் இழுத்துக்கொண்டே போனது. ஓப்பன் ஆபீஸில் தயாரித்த ஆவணத்தை அச்சிடச் சொன்னால் பிரிண்டர் அசைவதில்லை. சில நாள் அச்சாகிறது, சில நாள் ஆவதில்லை. பழுது பிரிண்டரிலா, அச்சுப்பணியைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளிலா, ஓப்பன் ஆபீஸிலா என்று யாருக்கும் பிடிபடவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பயனர் எழுதினார்: செவ்வாய்க்கிழமைகளில் அச்சாவதே இல்லை என்று என் மனைவி குறைசொல்கிறார், செய்தும் காட்டினார், பார்த்தால் உண்மைதான்.

கணினிக்குக் கிழமை தெரியுமா என்று யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. துருவிப் பார்த்தார்கள், காரணம் கிடைத்தது. லினக்ஸில் 'ஃபைல்' என்று ஒரு சிறு கருவி உண்டு. கோப்பின் பெயரை நம்பாமல் உள்ளே இருக்கும் சில பைட்டுகளைப் படித்து, இது படம், இது ஆவணம், இது நிரல் என்று இனம் சொல்வது அதன் வேலை. அதற்காக நீளமான விதிப்பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. எர்லாங் என்ற நிரல்மொழியின் பழைய கோப்பு வகையை அடையாளம் காண, 1991 ஜனவரி 22, செவ்வாய் என்று கிழமையில் தொடங்கி நேரம் வரைக்கும் போகும் ஒரு வரியைத் தேடும்படி அந்தப் பட்டியலில் எழுதியிருந்தார்கள். சொற்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தையும் வரியின் பகுதியாகக் கொள்ள ஒரு குறியிட வேண்டும். அது விடுபட்டுப்போனது. அதனால் கருவி முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது: செவ்வாயைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள். ஓப்பன் ஆபீஸ் அச்சுக்கு அனுப்பும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் தலைப்பகுதியில் அது உருவான தேதி இருக்கும். செவ்வாயன்று உருவான கோப்பில் அந்த மூன்று எழுத்துகள், விதி பார்க்கும் அதே இடத்தில் வந்து விழுந்தன. 'இது எர்லாங் கோப்பு' என்று கருவி சொன்னது. பிரிண்டரின் டிரைவர் அந்தப் பேச்சைக் கேட்டு, அச்சிட முடியாத கோப்பு என்று விட்டுவிட்டது.

புதன்கிழமை எல்லாம் தானாகச் சரியாகிவிடும். ஆகவே செவ்வாய் இரவு எதைச் செய்துவிட்டுப் படுத்திருந்தாலும், மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றியிருந்தாலும், டிரைவரை மாற்றியிருந்தாலும், மறுநாள் காலை அதுவே பலித்ததாகத் தோன்றும். இந்த வழு இவ்வளவு நாள் ஒளிந்திருக்க முடிந்தது அதனால்தான். கிழமையைக் கவனித்தவர் கணினி நிபுணர் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. வீட்டில் அச்செடுக்க உட்கார்ந்தவர், அவ்வளவுதான்.

இந்தச் சம்பவத்தில் யார் யாருக்குப் பொறுப்பு இருந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓப்பன் ஆபீஸுக்குப் பின்னால் சன் மைக்ரோசிஸ்டம்ஸ். கப்ஸ் 2007இலேயே ஆப்பிள் கைக்குப் போயிருந்தது. டிரைவர் பிரிண்டர் நிறுவனத்தினுடையது. 'ஃபைல்' கருவி தன்னார்வலர்கள் பராமரித்தது. இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி உபுண்டு என்று வெளியிட்டது கனானிக்கல். ஐந்து தரப்பில் எதைக் கேட்டாலும் 'எங்கள் பகுதி சரியாகத்தான் வேலைசெய்கிறது' என்று நேர்மையாகவே சொல்லியிருக்க முடியும். பிழை 'ஃபைல்' விதியில் இருந்தாலும், அது வெளிப்பட்டது அவற்றுள் ஒன்று மற்றொன்றோடு சேரும் இடத்தில்தான். எல்லாம் சேர்ந்து ஓடுவதை ஒருங்கே பார்க்கிற ஒரே ஆள் பயனர்.

லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளத்தில் பயனர்களே பயனர்களுக்கு உதவுவதைத் தொண்டுள்ளம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். தொண்டுள்ளம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு அடியில் ஒரு கட்டாயம் இருக்கிறது என்பது என் வாதம். 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் தொகுப்பில் 64,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் இருந்தன. அவை ஆயிரக்கணக்கான ஆட்களால் தனித்தனியே எழுதப்பட்டவை, எந்த நிறுவனத்தின் மடிக்கணினியிலும் ஏறக்கூடியவை. இந்தப் பொதிகளும் வன்பொருள்களும் எத்தனை விதமாகச் சேர முடியுமோ அத்தனையையும் சோதித்துப் பார்க்கும் கூடம் எங்கும் கிடையாது. சோதனை நடப்பது வீடுகளிலும் அலுவலகங்களிலும்தான். அங்கே கண்டதை ஒருவர் எழுதிவைத்தால்தான் அடுத்தவருக்கு வழி தெரியும்.

தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பின்னர் லினக்ஸாக வளர்ந்த தன் முயற்சியை அறிவித்தது, மினிக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த இடத்தில்தான். அந்தச் செய்தியிலேயே மினிக்ஸில் மக்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று அவர் கேட்டார். 1993இல் ஸ்லாக்வேர், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்புகள் வந்தன. மோடத்தை இணைப்பது எப்படி, ஒலி அட்டையை இயக்குவது எப்படி, ஒரே வன்வட்டில் இரண்டு இயங்குதளம் வைப்பது எப்படி என்று 'ஹவ்-டூ' கையேடுகளை, பட்டு அறிந்தவர்களே எழுதி லினக்ஸ் ஆவணத் திட்டத்தில் சேர்த்தார்கள். லினக்ஸ் வெளியான குனூ பொது உரிமம் மூல நிரலைக் கொடுத்தது. கூடவே, இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று பெரிய எழுத்தில் சொல்லியும் விட்டது. வாங்கின கடையில் போய்ச் சண்டை போட முடியாது. பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

1997ஆம் ஆண்டின் சிறந்த தொழில்நுட்ப ஆதரவுக்கான விருதை அப்போது அமெரிக்கக் கணினி வார இதழாக இருந்த இன்ஃபோவேர்ல்ட் 'லினக்ஸ் பயனர் சமூக'த்துக்குக் கொடுத்தது. விருதை வாங்கிக்கொள்ள அலுவலகம் இல்லை, தலைவர் இல்லை. அதே உதவியைச் சம்பளம் வாங்கும் பொறியாளர்களைக் கொண்டு ஒப்பந்தமாக விற்ற ரெட் ஹேட்டை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிய நிறுவனங்களுக்கு அந்த ஒப்பந்தம் தேவை, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவருக்கு இன்றும் பக்கத்து ஆள்தான் கதி.

முகம் தெரியாத ஒருவருடைய வைஃபைக்காக வேலைமெனக்கெட்டுப் பதில் எழுதுவது ஏன்? கரீம் லக்கானியும் எரிக் வான் ஹிப்பலும் 2003இல் 'ரிசர்ச் பாலிசி' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது அபாச்சி வலைச் சேவையக மென்பொருளின் பயனர்கள். பதில் சொல்பவர்கள் செலவிடும் உழைப்பில் ஏறக்குறைய 98 விழுக்காடு அவர்களுக்கே கல்வியாகத் திரும்பி வருகிறது என்று கண்டார்கள். பதில் எழுதச் சில நிமிடம்தான் ஆகிறது. ஏனென்றால் பெரும்பாலும் அவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நேரம் போவது மற்றவர்களின் கேள்விகளையும் பதில்களையும் வாசிப்பதில். அந்த வாசிப்பு அவர்களுக்கே வேண்டியது. நாளை தங்கள் கணினியில் வரப்போகும் சிக்கலை இன்றைக்கே அடுத்தவர் கேள்வியில் பார்த்துவிடுகிறார்கள்.

இந்த முடிவை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். வாசிப்பில் பயன் இருக்கிறதென்றால், பயனைத் தருவது கேள்வி. கேட்பவர் கையேந்தி நிற்பவர் அல்லர். நன்றாக எழுதப்பட்ட கேள்வி ஓர் அவதானிப்பு. ஆனால் 'வைஃபை வேலை செய்யவில்லை, அவசரம், உதவவும்' என்று எழுதினால் அதில் யாரும் படிக்க ஒன்றுமில்லை.

வைஃபையையே எடுத்துக்கொள்வோம். புதிதாக லினக்ஸ் ஏற்றியவர்களைப் பல ஆண்டுகள் வாட்டி எடுத்தவை பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகள். கணினி திறக்கும், மேசைத்திரை வரும், வைஃபை மட்டும் இருக்காது. சில்லு இயங்க வேண்டிய ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கலாம், ஆனால் இணையத்துக்குப் போக அந்த ஃபர்ம்வேர் வேண்டும். இப்படி மாட்டிக்கொண்டவர் முதலில் தன் மடிக்கணினியின் மாடல் பெயரைச் சொல்லித்தான் கேட்பார். அதனால் பெரிய பயனில்லை. ஒரே மாடலில் வெவ்வேறு சமயம் வெவ்வேறு வைஃபை அட்டையைப் பொருத்தி விற்பது வழக்கம். அனுபவப்பட்டவர் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை எண்களோடு காட்டும்படி அடித்து, வருவதை அப்படியே ஒட்டச் சொல்வார். திரையில் வரும் பல வரிகளுக்கு நடுவே 14இ4:4315 போல ஓர் அடையாளம் தெரியும். முன்பாதி பிராட்காமின் எண், பின்பாதி அந்தச் சில்லின் எண். அதைப் பார்த்தால் எந்த டிரைவர், எந்த ஃபர்ம்வேர் பொதி என்று சொல்லிவிடலாம். பொதியை இறக்க, கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து அதன் டேட்டாவைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கினால் போதும். ஐந்து நிமிட வேலை. அந்த எண்ணைக் கேட்டு வாங்கத்தான் நாலு முறை மாறி மாறி எழுத வேண்டியிருக்கும்.

இந்தச் சில்லுகளுக்கு டிரைவர் வந்த வரலாறும் சொல்லத்தக்கது. பிராட்காம் விவரக்குறிப்பு எதையும் தரவில்லை. தன்னார்வலர்கள் இரு அணியாகப் பிரிந்தார்கள். ஓர் அணி நிறுவனத்தின் டிரைவரை ஆராய்ந்து சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்று விவரம் எழுதியது. மற்ற அணி அந்த விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிய டிரைவரை எழுதியது. 2006இல் அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் சேர்ந்தது. 2010 செப்டம்பரில் புதிய சில்லுகளுக்கான திறந்த மூல டிரைவரை பிராட்காமே வெளியிட்டது. கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க மாட்டோம் என்று நெடுங்காலம் கொள்கையாகவே வைத்திருந்த டெபியன், 2022இல் வாக்கெடுப்பு நடத்தி அதை மாற்றிக்கொண்டது. சுதந்திரம் குறித்த அந்தக் கொள்கை சிறியதல்ல. புதியவர்கள் முதல் நாளே இணையம் இல்லாமல் தவித்த தவிப்பும் அந்த முடிவில் ஒரு கணக்காக வந்தது. அந்தக் கணக்கு எங்கிருந்து தெரிந்தது? ஆண்டுக்கணக்காக எழுதப்பட்ட கேள்விகளிலிருந்து.

டெபியன் 1997இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில், பிரச்சினைகளை மறைக்க மாட்டோம், வழுப் பதிவேடு முழுவதும் எப்போதும் எவரும் பார்க்கும்படி திறந்திருக்கும் என்ற உறுதிமொழி இருக்கிறது. திறந்த மூலம் என்றால் நிரல் திறந்திருப்பது என்றுதான் நாம் பேசுகிறோம். பழுதும் திறந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதிவைத்ததை நான் அதற்கு ஒரு மாற்றும் குறையாததாக மதிக்கிறேன்.

எல்லோரும் எப்போதும் கனிவாகப் பதில் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. 'மேனுவலைப் படித்துவிட்டு வா' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது லினக்ஸ் உலகத்தின் பழைய கெட்ட பழக்கம். அதற்குச் சாக்காகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஒரு மாணவியைக் கேவலப்படுத்தி அனுப்பினால், அவர் கண்டிருந்த செவ்வாய்க்கிழமையும் அவரோடு போய்விடும். 2004இல் உபுண்டு தொடங்கியபோதே நடத்தை நெறிகளை வகுத்துக்கொண்டது இதை உணர்ந்துதான்.

நேரில் உட்கார்ந்து உதவும்போது இந்தக் கடுமை வருவதில்லை. 1998இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் மாதக் கூட்டங்கள் நடத்திவந்தது. கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து லினக்ஸ் ஏற்றிக்கொண்டு போகும் 'இன்ஸ்டால் ஃபெஸ்ட்' இந்தியாவின் பல கல்லூரிகளில் நடந்தது. இணையம் மெதுவாகவும் விலை கூடியதாகவும் இருந்த காலத்தில், பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த லினக்ஸ் சிடி கைமாறிக் கைமாறிப் போனது.

நம் பக்கத்திலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், இன்றைய கைட் நிறுவனம், பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது. பள்ளிக்கொரு ஐடி ஒருங்கிணைப்பாளரை அந்த ஆசிரியர்களிலிருந்தே வைத்தது. புரொஜெக்டர் வரவில்லை என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. லட்சக்கணக்கான மாணவர்கள் கையில் ஒரு திறந்த மூல இயங்குதளம் வந்து சேர்ந்தது. ஆனால் திட்டம் கருவியோடு நின்றது. கேட்பதற்கு ஓர் ஆளையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதன் பலன் வேறாக இருந்திருக்கும்.

எழுதிவைத்த உதவிக்கு ஆயுள் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். டெபியன் 2015இல் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருளுக்கு மாறியதும், சேவைகளைத் தொடங்க, நிறுத்த என்று அதற்கு முன் எழுதப்பட்ட ஏராளமான குறிப்புகள் பழசாகிப்போயின. 2021இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் தொகுப்பு ஒலிக்கு பல்ஸ்ஆடியோவை விட்டு பைப்வயருக்குப் போனது. மற்ற லினக்ஸ் தொகுப்புகளும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. ஒலி வரவில்லை என்று தேடுகிறவருக்கு இன்றும் முதலில் அகப்படுவது பல்ஸ்ஆடியோ காலத்து அறிவுரையாக இருக்கலாம். அதை அப்படியே அடித்தால் நன்றாக இருக்கிற பகுதியும் கெடும். ஆண்டும் பதிப்பெண்ணும் இல்லாத பதிலை நம்பக் கூடாது.

புரியாத கட்டளையை ஒட்டி என்டர் தட்டும் பழக்கத்துக்கு 2021 நவம்பரில் உலகறிந்த ஓர் உதாரணம் கிடைத்தது. பெரும் பார்வையாளர் கூட்டமுள்ள யூடியூபர் லினஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். வரைகலை முறையில் முடியாமல், இணையத்தில் சொன்னபடி டெர்மினலில் கட்டளையை அடித்தார். பொதி ஒன்றில் இருந்த சார்புக் கோளாறால், மேசைத்திரை முழுவதையும் நீக்கப்போவதாகப் பொதிகளை நிறுவும் ஏபிடி கருவி எச்சரித்தது. தொடர வேண்டுமானால் 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருள்பட ஒரு வாக்கியத்தை முழுதாகத் தட்டச்சச் சொன்னது. அவர் தட்டச்சினார், மேசைத்திரை போய்விட்டது. அவரைக் குறைசொல்லிப் பலர் எழுதினார்கள். ஏபிடியைப் பராமரிப்பவர்கள் அதே மாதம் கருவியைத் திருத்தி, முக்கியப் பொதிகளை நீக்கும் தீர்வை அது இனித் தானாக முன்வைக்காதபடி செய்தார்கள். பயனர் தவறினால் தவறுவதற்கு இடம்கொடுத்த கருவியையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

இப்போது இரண்டு மாற்றங்கள் ஒருசேர நடக்கின்றன. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி போன்ற தேவைகளால் விண்டோஸ் 11க்கு மாற முடியாத, ஆனால் நன்றாக ஓடுகிற கணினிகள் ஏராளம். அவற்றை வைத்திருப்பவர்களில் பலர் முதல்முறையாக லினக்ஸைத் தொடுகிறார்கள். அதே நேரத்தில் கேள்விகள் பொதுவெளியை விட்டு வெளியேறுகின்றன. டெலிகிராம், டிஸ்கார்ட் குழுக்களில் கிடைக்கும் பதில், தேடுபொறிக்கு அகப்படாமல் உரையாடலுக்கு அடியில் புதைகிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்பது இன்னும் தனிமையானது. சாட்ஜிபிடி வந்த ஆறு மாதத்துக்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்வி-பதில் தளத்தின் செயல்பாடு ஏறக்குறைய 25 விழுக்காடு குறைந்ததாக 2024இல் 'பிஎன்ஏஎஸ் நெக்ஸஸ்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அது நிரலாளர்களின் இடம். என்றாலும் இயங்குதளப் பயனர்களுக்கும் அதே பாதைதான் திறந்திருக்கிறது.

உரையாடி இரவு இரண்டு மணிக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறது, யாரையும் திட்டுவதில்லை. அது நல்லதுதான். ஆனால் அது கற்றுக்கொண்டது, மனிதர்கள் பொதுவில் எழுதிய கேள்விகளையும் பதில்களையும் படித்து. அடுத்த மாதம் வரும் கர்னலில், அடுத்த ஆண்டு வரும் மடிக்கணினியில் எழப்போகும் சிக்கலை யாராவது பட்டு அறிந்து எழுதினால்தான் அதற்கும் தெரியவரும். செவ்வாய்க்கிழமை விவகாரம் இன்று நடந்திருந்தால், அந்தத் தம்பதி ஓர் உரையாடியிடம் கேட்டு, தற்காலிகமாக ஏதோ ஒரு வழியில் அச்செடுத்துக்கொண்டு போயிருக்கலாம். 'ஃபைல்' கருவியின் விதி திருந்தாமல் கிடந்திருக்கும்.

தமிழில் கணினியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டுக் கருவிகள் வழியாகச் சேர்த்த பிறகு ஒரு செயலியில் தட்டச்சாகிறது, இன்னொன்றில் ஆகவில்லை என்ற சிக்கல் ஜெர்மனியில் இருப்பவருக்கு வராது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணம் லிப்ரே ஆபீஸில் திறந்ததும் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரிவதும், அதை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறி விழுவதும் நம் அலுவலகங்களில் மட்டும் நடப்பவை. இவற்றை நாம் எழுதாவிட்டால் உலகத்தில் வேறு யாரும் எழுதப்போவதில்லை. 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் போன்ற முயற்சிகள் இருக்கின்றன. ஆனால் கட்டுரை எழுதுகிறவர்கள் சிலர். சிக்கலைச் சந்திக்கிறவர்கள் பலர்.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் லினக்ஸ் கணினியில் அடுத்த முறை ஏதாவது மக்கர் செய்து, அதை எப்படியோ சரிசெய்துவிட்டால், அதோடு எழுந்து போய்விடாதீர்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எந்த வன்பொருள், திரையில் வந்த பிழைச்செய்தி என்ன, எதெல்லாம் பலிக்கவில்லை, கடைசியில் எது பலித்தது, என்ன தேதி என்று பத்து வரி எழுதி, எல்லோரும் தேடி எடுக்கக்கூடிய ஓரிடத்தில் வையுங்கள். தமிழ் சார்ந்த சிக்கல் என்றால் தமிழில் எழுதுங்கள், மென்பொருளின் வழுப் பதிவேட்டில் ஆங்கிலத்திலும் ஒரு முறை பதியுங்கள். சிறுபிள்ளைத்தனமாகப் படுமோ என்று நினைத்து, கண்ணில் பட்ட எதையும் விட்டுவிட வேண்டாம், கிழமை உட்பட.